தராசில் ஏறாத எடை



கற்றறிந்த ஆலிம்களும் ஆசிரியர்களும் எழுதும் நமது சங்க இதழில், மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்துவிட்ட என் போன்றவன் எழுத முற்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் தராசு பிடித்து இருபத்தைந்து வருஷங்கள் ஆகிவிட்டபடியால், தராசைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு என்று நம்புகிறேன்.

சென்ற வருஷம் எங்கள் கடை ஐஸ்பெட்டியில் புதிதாக 'வாக்யூ' மாட்டிறைச்சியை வாங்கி வைத்தேன். சாதாரண மாட்டிறைச்சியைப் போல் மூன்று மடங்கு விலை. பொட்டலத்தின் மேல் 'வாக்யூ' என்பது பெரிய எழுத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கலப்பு மாடு என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஹலால் முத்திரை சரியாக இருந்ததால் வேறொன்றையும் நான் விசாரிக்கவில்லை.

நெடுநாள் வாடிக்கைக்காரரான ஒரு ஹாஜியார் வந்தார். புது மாப்பிள்ளைக்கு விருந்தாம். பொட்டலத்தைக் கையில் எடுத்து, "தம்பி, இது ஜப்பான் மாடுதானே?" என்று கேட்டார். "ஆமாம் ஹாஜியார், அந்த ஜாதிதான்" என்றேன். அவர் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யா? ஜாதி அதுதான், பாதியாவது அதுதான். மெய்யா? அவர் கேட்டது அதுவன்று. மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஒரு சிறு சந்து உண்டு. வியாபாரி அதில் நுழைந்து மறுபக்கம் போய்விடப் பழகிக்கொள்கிறான். ஆனால் அன்று இரவு கணக்கு எழுதும்போது அந்தப் பதில் தொண்டையில் முள்ளாக நின்றது. விற்கிற சரக்கையே அறியாமல் விற்கிறோமே என்ற வெட்கத்தில், அந்த மாட்டைப் பற்றி விசாரிக்கலானேன். விசாரிக்க விசாரிக்க, ஹாஜியாருக்குச் சொன்ன பதிலைவிடப் பெரிய கேள்வி ஒன்று எதிரே வந்து நின்றது.

'வா' என்றால் ஜப்பான், 'கியூ' என்றால் மாடு. சேர்த்துச் சொல்லும்போது 'வாக்யூ' ஆகிறது. ஜப்பானில் இப்பெயருக்கு உரியவை நான்கு இனங்களே: கருமாடு, செம்பழுப்பு மாடு, கொம்பில்லா மாடு, குறுங்கொம்பு மாடு. இவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கருமாடுகளே.

இறைச்சிக்குப் பேர்போன இந்த மாடு இறைச்சிக்காக வளர்ந்ததன்று என்பதுதான் வேடிக்கை. ஜப்பானில் 675ஆம் ஆண்டில் தெம்மு சக்கரவர்த்தி மாடு முதலியவற்றின் இறைச்சியை உண்ணத் தடை விதித்தார். பின்வந்த பல நூற்றாண்டுகளில் மாட்டிறைச்சி உண்பது பெரும்பாலோர்க்கு வழக்கமாக இல்லை. மாடு ஏர் இழுத்தது, பாரம் சுமந்தது. மலைச்சரிவில் நீண்ட நேரம் உழைக்க வேண்டிய அந்தச் சிறு மாடுகளுக்குச் சதைக்குள்ளேயே கொழுப்பைச் சேமித்து வைக்கும் இயல்பு அமைந்தது என்று சொல்லுகிறார்கள். 1868இல் கோபே துறைமுகம் அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரவியது. ஏரில் பூட்டிய மாட்டைப் பார்த்து அதன் இறைச்சிக்கு விலை கேட்கத் தொடங்கியது உலகம்.

அந்த இயல்பை மனிதன் எப்படிக் காப்பாற்றி வளர்த்தான் என்பது போற்றத்தக்க கதை. கோபே துறைமுகம் இருக்கும் ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, தஜிமா என்னும் மலைநாட்டில் மாயெதா ஷூசுகே என்று ஒருவர் இருந்தார். 1797இல் பிறந்தவர். நல்ல பசு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, சொந்தச் சொத்தையே செலவழித்து வாங்கி, ஒரு வம்சத்தை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாடு பெரிதாக வேண்டும் என்ற ஆசையில் ஜப்பானியர் ஐரோப்பியக் காளைகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். மாடு பெருத்தது; ஆனால் உழவுக்கும் ஒத்துவரவில்லை, இறைச்சியும் தரம் குறைந்தது. பழைய வித்து எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று பிற்பாடு தேடினார்கள். ஒஜிரோ மலைப்பகுதியில், எளிதில் போக்குவரத்தில்லாத அட்சுதா என்ற குக்கிராமத்தில் கலப்பில்லாத நான்கு பசுக்கள் இருந்தன என்று அந்நாட்டார் இன்றும் சொல்லுகின்றனர். அந்த ஒஜிரோவில் 1939இல் பிறந்த தஜிரி என்ற பொலிகாளையின் பெயரை ஜப்பானிய மாட்டுக்காரர் யாவரும் அறிவர். இன்று ஜப்பானில் உள்ள கரும் பசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை அதன் சந்ததி என்று வாக்யூ பதிவுச் சங்கம் 2012இல் அறிவித்தது.

இதற்கெல்லாம் ஆதாரம் பதிவேடுதான். ஒவ்வொரு கன்றுக்கும் தாய் எது, தந்தை எது, தாயின் தந்தை எது என்று எழுதி வைக்கிறார்கள். மனிதனுக்குக் கைரேகைபோல் மாட்டுக்கு மூக்குரேகை. அதில் மை தடவிச் சீட்டில் பதித்துக்கொள்கிறார்கள். 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. அந்த எண் இறைச்சி விற்கும் கடைவரை கூடவே வருகிறது. வியாபாரியாகிய எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே மரியாதை உண்டாயிற்று. நம் பேரேடுகள் இத்தனை சுத்தமாக இருக்கின்றனவா?

இனி விலைக்கு வருவோம். மாட்டை அறுத்துத் தோல் உரித்து இரண்டாகப் பிளந்தபின், ஆறாவது ஏழாவது விலா எலும்புகளுக்கு இடையே வெட்டிப் பார்க்கிறார்கள். உடலில் எவ்வளவு இறைச்சி தேறும் என்பதற்கு ஏ, பி, சி என்று ஓர் அளவு. இறைச்சியின் குணத்துக்கு 1 முதல் 5 வரை மற்றோர் அளவு. குணம் என்பது நான்கு: சதைக்குள் ஓடும் கொழுப்பு, சதையின் நிறம், இறுக்கமும் மென்மையும், கொழுப்பின் நிறமும் பளபளப்பும். நான்கில் எது தாழ்ந்ததோ அதுவே முடிவான தரம். பளிங்குக் கல்லில் ஓடும் வெள்ளை வரிகளைப் போல் சதைக்குள் ஓடும் கொழுப்பை மட்டும் தனியே 1 முதல் 12 வரை எண்ணுகிறார்கள். எட்டும் அதற்கு மேலும் போனால்தான் ஐந்தாம் தரம் கிட்டும். 1988 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது.

மதிப்பிடுகிறவர் வேறு, விற்கிறவர் வேறு. ஆகவே தராசில் மோசமில்லை. மிக நேர்மையான தராசு என்றே சொல்லலாம். என் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தராசு நேர்மையானது என்றால் வியாபாரமும் நேர்மையானது ஆகிவிடுமா? தராசு எதை நிறுக்கிறதோ அதற்கு விலை உண்டு. தராசு நிறுக்காதது யாருடைய கணக்கில் சேரும்?

ஓர் உதாரணம் கூறுகிறேன். பசும்புல்லில் உள்ள சத்து மாட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அது அதிகமாக இருந்தால் சதைக்குள் கொழுப்பு அணுக்கள் பெருகுவது குறைகிறது. இதைக் கண்டறிந்தபின், மாட்டைக் கொழுக்க வைக்கும் காலத்தின் நடுப்பகுதியில் பசும்புல்லை நிறுத்தி, காய்ந்த வைக்கோலும் தானியமும் கொடுத்து அந்தச் சத்தைக் குறைக்கும் முறை 1990களில் ஜப்பானில் பரவியது. அளவோடு செய்தால் வெள்ளை வரிகள் கூடுகின்றன. அளவு மீறினால் மாட்டுக்கு மாலைக்கண் வரும், மேலும் மீறினால் பார்வையே போய்விடும், கால் மூட்டுகள் வீங்கும், தீவனம் தின்னாது. கவனமுள்ள பண்ணைக்காரர்கள் மாட்டின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, எல்லைக்குக் கீழே போகாமல் காத்துக்கொள்கிறார்கள். ஆனால் சகோதரர்களே, ஒன்றை யோசியுங்கள். விலாவை வெட்டிப் பார்க்கும் இடத்தில் வரிகளின் எண்ணிக்கை தெரியும். அந்த மாடு கடைசி மாதங்களில் தன் தொட்டியைக் கண்டு தின்றதா, தடவித் தின்றதா என்பது தெரியாது. அதற்கு எண் இல்லை. எண் இல்லாததால் விலையும் இல்லை. விலை இல்லாததைக் காப்பாற்றுகிறவன் தன் மனச்சாட்சிக்காக மட்டுமே காப்பாற்றுகிறான்.

மற்றோர் உதாரணம் வம்சம். எல்லோரும் ஒரே புள்ளியை நோக்கி ஓடினால் எல்லோரும் ஒரே காளையைத் தேடுவார்கள். பேர்போன சில காளைகளின் வித்தே நாடெங்கும் பரவும். நல்ல குணத்தோடு மறைந்திருக்கும் கெட்டதும் பரவும். சிறுநீரகம் கெட்டு இளங்கன்றிலேயே நலிந்துபோகும் ஒரு பரம்பரை நோய் கருமாடுகளிடையே கண்டறியப்பட்டு, அதைச் சுமக்கும் காளைகளைச் சோதித்து அறியும் வழியையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வெள்ளை வரியைத் தேடியவன் நோயை விரும்பினானா? இல்லை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்த தராசில் நோய்க்குத் தட்டு இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் நிறுப்பவன் வியாபாரியல்லன்.

"மாடு மனிதனுக்காகப் படைக்கப்பட்டதுதானே? அறுத்து உண்பது ஆகுமானது என்றால் கொழுக்க வைப்பதில் என்ன குற்றம்?" என்று கேட்பார்கள். குற்றமில்லை. கொழுத்த பிராணியைத் தேடிக் குர்பானி கொடுப்பவர்கள்தாம் நாம். மாட்டைப் பெருக்குவதும், நல்ல வித்தைத் தேர்வதும் ஆதியிலிருந்து மனிதன் செய்துவரும் தொழில். நான் அதைப் பழிக்க வரவில்லை.

"அந்த மாடுகளைப் போல் சீராட்டி வளர்க்கப்படும் மாடு வேறு ஏது?" என்றும் கேட்பார்கள். இதிலும் உண்மை உண்டு. பீர் ஊற்றி வளர்க்கிறார்கள், தினமும் உடம்பு பிடித்துவிடுகிறார்கள் என்று ஊரில் உலவும் கதை பொதுவான வழக்கமன்று. அதை நம்பி ஹலால் ஹராம் என்று வீண் சர்ச்சையும் வேண்டாம். ஆனால் ஒன்பது பத்து மாதக் கன்றை வாங்கி, ஏறக்குறைய முப்பது மாதம் ஆகும்வரை பொறுமையாகத் தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்பது மெய். ஒரு காளையின் வித்து நல்லதா என்று முடிவு கட்ட, அதன் கன்றுகள் பிறந்து வளர்ந்து அறுபடும்வரை ஐந்தாறு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் ஒரு சரக்குக்காக ஐந்து வருஷம் காத்திருப்போம்? எனினும், செலவு செய்து பேணுவதும் இரக்கத்தோடு பேணுவதும் ஒன்றாகிவிடா. விலைக்காகப் பேணுபவனின் பராமரிப்பு, விலை எங்கே நிற்கிறதோ அங்கே நின்றுவிடும்.

"யாரையும் ஏமாற்றவில்லையே, வாங்குகிறவன் வரியைத்தானே கேட்கிறான்?" என்பது மூன்றாவது வாதம். நம் வியாபாரிகளுக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான், எனக்கும் பிடித்திருந்தது. வாங்குகிறவன் கேட்கவில்லை என்பது அவனுக்கும் நமக்கும் உள்ள கணக்கைத் தீர்க்கும். அந்த வாயில்லாப் பிராணிக்கும் நமக்கும் உள்ள கணக்கைத் தீர்க்குமா?

மதரஸாவில் உஸ்தாது சொல்லிக்கொடுத்த இரண்டு சம்பவங்கள் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகின்றன. மதீனாவில் ஒரு தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டது. அவர்கள் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதன் சொந்தக்காரரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதைக் கண்டித்தார்கள். இது ஒன்று. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததென்றால் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். இது மற்றொன்று. சிறுவயதில் இவை இரண்டு வெவ்வேறு பாடங்கள் என்று எண்ணியிருந்தேன். இப்போது ஒன்றே என்று தோன்றுகிறது. ஒட்டகத்தின் பசியை எந்தச் சந்தையும் நிறுக்கவில்லை. குவியலின் ஈரமோ தராசில் ஏறி, எடையைக் கூடவே காட்டியிருக்கும். இரண்டிலும் கண்ணுக்குப் படாத ஒன்றைக் கேட்கும்படி நாம் கற்பிக்கப்பட்டிருக்கிறோம்.

ஜப்பானியர்களும் இதை உணராமலில்லை. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் அரிதாக இருந்த ஐந்தாம் தரம், இன்று காயடித்து வளர்க்கும் கருமாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கிடைத்துவிடுகிறது. எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கும் வகுப்பில் பரீட்சைக்கு என்ன அர்த்தம்? ஆகவே வரியின் எண்ணிக்கையை மட்டும் பாராமல், கொழுப்பின் குணம் என்ன, நாவில் உருகுவதற்குக் காரணமான ஒலேயிக் அமிலம் எவ்வளவு என்றும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் வாக்யூ பெரும் போட்டி 2022இல் ககோஷிமாவில் நடந்தபோது கொழுப்பின் குணத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. தராசை அகலமாக்கும் முயற்சி இது; பாராட்டலாம். ஆனால் எத்தனை தட்டு வைத்தாலும் ஏதேனும் ஒன்று வெளியே நிற்கும். அந்த வெளியே நிற்பதற்குப் பொறுப்பாளியாக எப்போதும் ஒரு மனிதன் வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நாம் மாடு வளர்ப்பவர்களல்லர். சிலர் உணவகம் நடத்துகிறோம், சிலர் இறைச்சி இறக்குமதி செய்கிறோம், என்னைப் போல் சிலர் மளிகையோடு ஓர் ஐஸ்பெட்டி வைத்திருக்கிறோம். நமக்கு இதில் என்ன பங்கு?

பெயர்தான் நம் பங்கு. கோபே இறைச்சி என்று சொல்ல வேண்டுமானால், ஹியோகோவில் தஜிமா வம்சத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்து அறுக்கப்பட்ட மாடாக இருக்க வேண்டும். வரி எண் ஆறுக்குக் குறையக் கூடாது. இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. அது ஜப்பானைவிட்டு ஏற்றுமதியாகத் தொடங்கியதே 2012இல்தான். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே பல தேசத்து உணவகங்களின் விலைப்பட்டியலில் கோபே என்ற பெயர் இருந்தது! 1976இல் நான்கு காளைகள் அமெரிக்காவுக்குப் போயின. 1990களில் ஆஸ்திரேலியாவிலும் இந்த இனம் வேரூன்றியது. அங்கே உள்ளூர் மாட்டோடு கலந்து, அரைப் பங்கு, முக்கால் பங்கு, முழு இரத்தம் என்று பிரித்துப் பதிவு செய்கிறார்கள். கலப்பு மாட்டின் இறைச்சி கெட்டதன்று; நல்ல இறைச்சிதான். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் அரைப் பங்கு என்று ஒழுங்காக எழுதியிருக்கிறது. அந்த அரை, முழுதாக மாறியது எங்கே? கடலிலா? கப்பலிலா? இல்லை, என் கடை மேஜையில், என் நாவில்.

மூக்குரேகை பதித்து, பத்து இலக்க எண் கொடுத்து, நூறு வருஷம் பதிவேடு காத்தவர்களின் உழைப்பை, "அந்த ஜாதிதான்" என்ற ஒரு சொல்லில் நான் களவாடினேன். பெயருக்கு விலை வாங்கினேன். பெயருக்குரிய சரக்கைக் கொடுக்கவில்லை. தராசு சரியாகத்தான் இருந்தது. இரண்டு கிலோவுக்கு ஒரு கிராம் குறையவில்லை.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். வாங்குமுன் கேட்போம்: எந்த நாடு, எத்தனை பங்கு இரத்தம், எப்படி வளர்ந்தது, யார் அறுத்தது? ஹலால் முத்திரை கேள்வியின் தொடக்கமேயன்றி முடிவன்று. பதில் சொல்லத் தெரியாத மொத்த வியாபாரியிடம் இரண்டாம் முறையும் கேட்போம். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் அவரும் மேலே கேட்பார். அது பண்ணைவரை போகும். கேள்விக்கும் ஒரு விலை உண்டு. நாம் கேட்கக் கேட்க, தராசில் இல்லாத ஒன்று தராசில் ஏறும். விற்கும்போது பொடி எழுத்தில் உள்ளதை வாயால் பெரிதாகச் சொல்லுவோம். அதனால் லாபம் குறையலாம். குறைந்த லாபத்தில் பரக்கத் இருக்கும்.

ஹாஜியாரின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்கே போனேன். நடந்ததைச் சொல்லி, அதிகம் வாங்கிய பணத்தை உறையில் போட்டு நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. உறையை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பணத்தை நீங்கள் திருப்பிவிட்டீர்கள் தம்பி. இது ஜப்பான் மாடு என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னேனே, அந்தச் சொல்லை நான் எப்படித் திருப்புவேன்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டு கிலோ இறைச்சியோடு என் சொல்லும் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் வாயால் வேறொருவருக்குப் பரிமாறப்பட்டிருக்கிறது. அதன் எடை எவ்வளவு என்று என் கடைத் தராசு காட்டவில்லை. காட்டும் தராசு ஒன்று உண்டு என்பதை நாம் எல்லோரும் நம்புகிறோம். அதில் ஏறும் நாளுக்கு முன், நம் கடைத் தராசில் ஏறாதவற்றையும் ஒருமுறை கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துக்கொள்வோமாக.

வஸ்ஸலாம்.